இடது கையைக் கேளுங்கள்: பியானோ தனிக் கச்சேரிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

லண்டனில் நான் போன முதல் பியானோ கச்சேரியில், பத்து நிமிடம் ஆவதற்குள் என் வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. எனக்கே தெரியாது. பக்கத்து இருக்கை அம்மையார் மெதுவாகத் திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தார். அதோடு நிறுத்தினேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு அறையில் மூன்று பேராகத் தங்கியிருந்த காலம் அது. அன்றைக்கு ஒன்றுமே புரியவில்லை, ஆனால் மறுபடி போகவேண்டும் போல் இருந்தது. போய்க்கொண்டே இருக்கிறேன்.

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. மேற்கத்திய நொட்டேஷனும் படிக்கத் தெரியாது. சின்ன வயதில் கொஞ்சம் பாட்டு கற்றுக்கொண்டதுதான் கையிருப்பு. இந்தக் கட்டுரையும் அப்படிப்பட்டவர்களுக்குத்தான். பரோக் என்று சொல்லப்படும், 1750 வாக்குக்கு முந்தைய காலத்து பாக், ஸ்கார்லட்டி, அதற்கு அடுத்த தலைமுறைகளின் ஹைடன், மொசார்ட், பீத்தோவன் ஆகியோரின் படைப்புகளை ஒருவர் மேடையில் தனியாக உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரிக்கு எப்படித் தயாராவது, உள்ளே போனபிறகு என்ன செய்வது என்பதுதான் விஷயம். ஒரு வரியில் சொல்லச் சொன்னால், இடது கையைக் கேளுங்கள் என்பேன். நம் காது தானாகவே மேலே ஓடும் மெட்டைப் பிடித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் வலது கை. அதற்கு உதவி தேவையில்லை. கீழே நடப்பதுதான் கவனித்தால் மட்டும் கேட்கும்.

எந்தக் கச்சேரி, எந்த இருக்கை

முதல்முறை இரண்டு மணி நேர மாலைக் கச்சேரிக்குப் போகாதீர்கள். மதியக் கச்சேரிக்குப் போங்கள். ஒரு மணி நேரம், பெரும்பாலும் இடைவேளை கிடையாது, விலையும் குறைவு. லண்டனில் இதற்கு ஒரு வரலாறே உண்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் நேஷனல் கேலரியின் ஓவியங்களையெல்லாம் பத்திரமாக வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். காலியாகக் கிடந்த அந்தக் கட்டடத்தில் 1939 அக்டோபரில் மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். 1946 வரை நடந்தது. அலுவலக இடைவேளையில் வந்து கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் வழக்கம் இன்றும் இந்த ஊரில் இருக்கிறது.

என் பரிந்துரை விக்மோர் ஹால். 1901ல் ஜெர்மானியப் பியானோ நிறுவனமான பெக்ஸ்டைன், தன் காட்சியறைக்குப் பக்கத்திலேயே கட்டிய அரங்கு. அப்போது பெயரும் பெக்ஸ்டைன் ஹால்தான். முதல் உலகப் போரில் எதிரி நாட்டுச் சொத்து என்று பறிமுதல் செய்து ஏலத்தில் விற்றார்கள். 1917ல் தெருவின் பெயரைச் சூட்டி மறுபடி திறந்தார்கள். சுமார் 550 இருக்கைகள்தான். பியானோவைக் கேட்பதற்கென்றே கட்டியதால் ஒலிபெருக்கி எதுவும் இல்லாமலே கடைசி வரிசைக்கும் மெல்லிய ஸ்வரம் வந்து சேரும். பல ஆண்டுகளாகத் திங்கட்கிழமை மதியக் கச்சேரிகளை பிபிசி ரேடியோ 3 ஒலிபரப்பி வந்திருக்கிறது. 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சலுகை டிக்கெட்டும் உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

இருக்கை விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்யவேண்டாம். வலதுபக்கக் கோடியில் டிக்கெட் எடுத்துவிட்டு, கச்சேரி முழுக்க ஒருவர் கண்ணை மூடித் திறப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கலைஞர் நமக்கு இடதுபக்கத்தில், தன் வலது தோள் நம்மை நோக்கி இருக்கும்படி உட்காருவார். ஆகவே மேடையைப் பார்த்தபடி நடுவிலிருந்து இடதுபக்கம் எடுத்தால் விரல்கள் தெரியும். இந்த ரகசியம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்த இருக்கைகள் முதலில் தீர்ந்துவிடும். சீக்கிரம் வாங்குங்கள்.

முந்தைய வாரம் வீட்டில்

ராகம் தெரியாமல் நம் கச்சேரிக்குப் போனாலும் ஒன்றிரண்டு கீர்த்தனை காதில் விழுந்திருந்தால் பிடிமானம் கிடைக்கிறது இல்லையா? அதேபோல இங்கே மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டுப் போனால் போதும்.

முதலாவது, பாக் 1722ல் தொகுத்த 'வெல் டெம்பர்டு கிளேவியர்' முதல் தொகுதியில் உள்ள சி மைனர் ஃபியூக். சி மைனர் என்றால் சி என்ற கட்டையை ச-வாக வைத்து, சாதாரண காந்தாரத்தோடு வரும் சுருதி. பிடபிள்யூவி (BWV) 847 என்று தேடுங்கள். அந்த எண்ணில் முதலில் பிரெலூட் என்ற முன்னோட்டத் துண்டு வரும், பிறகு ஃபியூக். ஃபியூக் மட்டும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு குரல் (யாரும் பாடுவதல்ல, பியானோவிலேயே தனியாக ஓடும் ஒரு வரி) தனியாக ஒரு சின்ன மெட்டைச் சொல்லும். அடுத்து இன்னொரு குரல் மேலே வந்து அதே மெட்டைப் பஞ்சமத்தில் சொல்லும். கிட்டத்தட்ட கால் நிமிடம் கழித்துத்தான் மூன்றாவது குரல் அடியில் நுழையும். இடது கை அதுவரை அந்த மெட்டுக்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நுழையும் இடத்தைப் பிடித்துவிட்டால் ஃபியூக் என்றால் என்ன என்பது பாதி புரிந்த மாதிரி. முடிவில் இன்னொரு வேடிக்கை உண்டு. அடியில் ஒரே ச-வை அழுத்திப் பிடித்திருக்க, மேலே அந்த மெட்டு கடைசியாக ஒருமுறை வரும். அதுவரை காதில் நின்றது சாதாரண காந்தாரம். கடைசிக் கார்டில் (கார்டு என்றால் பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் அடிப்பது) மட்டும் அந்தர காந்தாரம் வந்து விளக்கைப் போட்டதுபோல் முடியும். முதல்முறை கவனித்தபோது நான் நாலைந்து தடவை பின்னால் தள்ளிக் கேட்டேன்.

இரண்டாவது, மொசார்ட்டின் சி மேஜர் சொனாட்டா, கே (K) 545. மேஜர் என்றால் அந்தர காந்தாரம் வரும் சுருதி, சொனாட்டா என்றால் வாத்தியத்துக்கென்று எழுதிய படைப்பு. 1788ல் எழுதியது. தன் படைப்புகளைக் குறித்துவைத்த பட்டியலில் மொசார்ட்டே இதை 'தொடக்கநிலையாளர்களுக்கு' என்று எழுதியிருக்கிறார். பெயர் தெரியாவிட்டாலும் கேட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேல் மெட்டை விட்டுவிட்டு இடது கையை மட்டும் பாடிப் பாருங்கள்: ச ப க ப, ச ப க ப. ஒரு கார்டை மொத்தமாக அடிக்காமல் இப்படிப் பிரித்து உருட்டுவதற்கு ஆல்பெர்டி பேஸ் என்று பெயர். டொமெனிகோ ஆல்பெர்டி என்ற வெனிஸ்காரர் இதை அதிகமாகப் பயன்படுத்தியதால் வந்த பெயர். அவருடைய இசையை இன்று அநேகமாக யாரும் வாசிப்பதில்லை, இடது கை வேலைக்கு மட்டும் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு காலங்களுக்கும் உள்ள வித்தியாசம் தானாகத் தெரியும். பியானோ தனிக் கச்சேரியில் பக்கவாத்தியம் கிடையாது. மொசார்ட்டில் இடது கைதான் பக்கவாத்தியம்: சுருதியும் அதுவே, தாளமும் அதுவே. பாக்கில் அப்படி அல்ல, இடது கை இன்னொரு பாடகர். வலது கை சொன்னதை எதிர்த்துச் சொல்லும், முந்திக்கொள்ளும், சிலநேரம் முக்கியமான வரியையே தான் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, ஒரு முழுக் கச்சேரியின் ஒலிப்பதிவு. ருமேனியக் கலைஞர் டினு லிபாட்டி 1950 செப்டம்பரில் பிரான்ஸின் பெசான்சோன் நகரில் வாசித்த கடைசிக் கச்சேரி கிடைக்கிறது. கடும் நோயோடு மேடையேறினார். பாக்கின் முதல் பார்டிட்டா (நடனப் பெயர் கொண்ட துண்டுகளின் கோவை), மொசார்ட்டின் ஏ மைனர் சொனாட்டா என்று தொடங்கி, ஷூபர்ட் வாசித்து, ஷோபானின் 14 வால்ட்ஸ்களில் 13ஐ முடித்தார். கடைசி ஒன்றுக்கு உடம்பில் தெம்பில்லை. அந்த டிசம்பரில் 33 வயதில் இறந்துபோனார். பாக்கைத் தொடங்குமுன் கட்டைகளின் மேல் சும்மா விரலை ஓட்டிச் சுருதி பார்ப்பதுபோல் அவர் வாசிக்கும் சில நொடிகளும் பதிவாகியிருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது முதல் இரண்டு படைப்புகள். பரோக், கிளாசிக்கல் என்ற வரிசை அப்படியே இருக்கிறது.

நிகழ்ச்சி நிரலில் உள்ள எண்கள்

'கிளாசிக்கல்' என்ற சொல்லே குழப்பும். பேச்சுவழக்கில் எல்லா மேற்கத்திய சாஸ்திரிய இசையும் கிளாசிக்கல்தான். நிகழ்ச்சி நிரலில் அது குறுகிய பொருளில் வரும்: பாக் இறந்த 1750 வாக்கில் தொடங்கி அடுத்த எழுபது ஆண்டுகள் வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண்களைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அவை வெறும் அட்டவணை எண்கள். பிடபிள்யூவி என்றால் பாக். ஹாப் என்றால் ஹைடன், ஆண்டனி வான் ஹோபோக்கன் என்ற டச்சுக்காரர் தொகுத்தது. ஓபஸ் எண் பெரும்பாலும் பீத்தோவன். ஆனால் 'கே' என்று வந்தால் இரண்டு பேர் இருக்கிறார்கள், கவனம். மொசார்ட்டுக்குக் கே என்றால் 1862ல் பட்டியல் போட்ட கோஹெல். ஸ்கார்லட்டிக்குக் கே என்றால் ரால்ஃப் கர்க்பேட்ரிக். 'கே 141' என்று மட்டும் தேடிவிட்டு, வேறு எதையோ ஒரு வாரம் கேட்டுப் பழகிக்கொண்டு கச்சேரிக்குப் போனவன் நான்.

முக்கியமாகப் பார்க்கவேண்டியது, ஒரு தலைப்பின் கீழ் எத்தனை பகுதிகள் என்பது. முதல் பார்டிட்டாவின் கீழே பிரெலூடியம், அல்லமான்ட், கொரென்டே, சராபான்ட், இரண்டு மினுவே, ஜீக் என்று வரிசையாக இருக்கும். ஹைடன், மொசார்ட், பீத்தோவன் சொனாட்டா என்றால் பெரும்பாலும் மூன்று பகுதி, சிலவற்றில் இரண்டு அல்லது நாலு. ஸ்கார்லட்டியுடையது ஒரே பகுதி. இந்தக் கணக்கு எதற்கு என்றால், கைதட்டுவதற்கு.

உள்ளே போனபின்

உடை விஷயத்தில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். குளிர்கோட்டைக் கழற்றி வைக்க இடம் இருக்கும். கால்மணி முன்னதாகப் போய்விடுங்கள். கதவை மூடிவிட்டால் அடுத்த படைப்பு தொடங்கும் இடைவெளிவரை வெளியே நிற்கவேண்டியதுதான். போனை அதிர்வில் வைப்பது போதாது, அணைத்துவிடுங்கள். இருமல் வரும் என்றால் மிட்டாயின் காகிதத்தை முன்பே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சராபான்டின் நடுவில் காகிதத்தை மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறைவதில்லை, நீளுகிறது.

கைதட்டல்: ஒரு படைப்பின் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகுதான். பகுதிகளுக்கு நடுவில் அமைதி. ஸ்கார்லட்டி சொனாட்டாக்களை மூன்று நாலாகக் கோத்து வாசித்தால் பெரும்பாலும் கடைசியில்தான் தட்டுவார்கள். எண்ணிக்கை தவறிவிட்டதா? கலைஞரின் கையைப் பாருங்கள். கை மடிக்கு வந்து, உடம்பு இருக்கையிலிருந்து எழும்பும்வரை காத்திருங்கள். 'ஆகா', 'பலே' எல்லாம் மனசுக்குள்.

இது பழைய சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். 1778ல் பாரிஸில் தன் சிம்பொனி அரங்கேறியபோது, முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு இடத்தில் ரசிகர்கள் கைதட்டினார்கள் என்று மொசார்ட் அப்பாவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். தனியாக ஒருவர் உட்கார்ந்து முழுக் கச்சேரி வாசிப்பதே பின்னால் வந்த பழக்கம்தான். 1840ல் லிஸ்ட் லண்டனில் வாசித்தபோதுதான் விளம்பரத்தில் 'ரிசைட்டல்', அதாவது ஒப்பித்தல், என்ற சொல்லைப் போட்டார்கள். பியானோவில் எப்படி ஒப்பிப்பது என்று ஊரே கேட்டதாம். பாக்கும் ஹைடனும் இந்தத் துண்டுகளை எழுதியது வீட்டுக்கும், சீடர்களுக்கும், சின்ன அறைகளுக்கும். ஆகவே தாளம் போட்டுவிட்டு நீங்கள் அசடு வழிந்தால் பாக் கோபித்துக்கொள்ளமாட்டார். பக்கத்து இருக்கைக்காரர்தான் பார்ப்பார். ஷூவுக்குள் கால்விரலால் போட்டுக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

வாசிப்பு தொடங்கியதும்

பாக்கின் முதல் பார்டிட்டாவை வைத்தே சொல்கிறேன், அடிக்கடி வாசிக்கப்படுவது. 1726ல் வெளியானது. பெயர்களெல்லாம் நடனங்கள், ஆனால் யாரும் ஆடுவதற்காக எழுதியதல்ல. ஒவ்வொரு நடனமும் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியையும் இரண்டு தடவை வாசிப்பது முறை. முதல் தடவை இருந்தபடி. இரண்டாம் தடவை நல்ல கலைஞர் சின்னச் சின்ன அலங்காரம் சேர்ப்பார். சங்கதி போடுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'இதையேதான் இப்போது வாசித்தார்' என்று அலுத்துக்கொள்ளாமல், என்ன மாறியது என்று தேடுவதுதான் இரண்டாம் தடவையின் ருசி. கடைசி ஜீக் வரும்போது நீங்கள் இடதுபக்க இருக்கைக்குக் கொடுத்த காசு வசூலாகும். வலது கை நடுவில் ஓடிக்கொண்டே இருக்க, இடது கை கீழே ஒன்றைத் தட்டிவிட்டு வலது கைக்கு மேலாகத் தாண்டிப்போய் அந்தப்பக்கம் ஒன்றைத் தட்டிவிட்டு வரும். கண்ணை மூடினால் மூன்று கை வாசிப்பதுபோல் கேட்கும்.

பாக் வாசிக்கும்போது காலையும் ஒருமுறை பாருங்கள். இந்த இசை முதலில் ஹார்ப்சிகார்டு போன்ற வாத்தியங்களுக்கு எழுதப்பட்டது. அதில் கட்டையை அழுத்தினால் ஒரு சின்ன முள் தந்தியை மீட்டும். எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒலியை நீட்டும் பெடலும் கிடையாது. சுத்தியல் தந்தியை அடிக்கும் பியானோவை 1700 வாக்கில் ஃப்ளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி செய்தார் என்றாலும், அது பரவ நாளாயிற்று. ஆகவே பாக்கைப் பியானோவில் வாசிக்கும்போது பெடலை எவ்வளவு பயன்படுத்துவது என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. அன்ட்ராஷ் ஷிஃப் பாக்குக்குப் பெடலைத் தொடாமலே வாசிப்பவர். நான் அந்தக் கட்சி. பெடல் அழுத்தினால் முதலில் மங்குவது இடது கையின் குரல்தான்.

ஸ்கார்லட்டி வேறு ஜாதி. பாக் பிறந்த அதே 1685ல் நேப்பிள்ஸில் பிறந்து, போர்ச்சுக்கல் இளவரசி மரியா பார்பராவுக்கு ஆசிரியராகி, அவர் ஸ்பெயினுக்கு மணமாகிப் போனபோது கூடவே போய் மாட்ரிட்டில் இறந்தவர். 555 சொனாட்டாக்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள். கே 141ல் ஒரே ஸ்வரத்தை விரல் மாற்றி மாற்றிப் படபடவென்று தட்டுவதைக் கேட்டால் கிட்டார் ஞாபகம் வரும். அங்கேயும் இடது கை கொத்துக் கொத்தாக அடிக்கும் கார்டுகளில் வேண்டுமென்றே உரசும் ஸ்வரங்கள் இருக்கும். தப்பாக வாசித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

இனி நமக்குக் கொஞ்சம் சிரமமான இடம். நம் கச்சேரியில் தம்புராவின் 'சா' தொடக்கத்திலிருந்து மங்களம்வரை அசையாது. இங்கே தம்புரா கிடையாது, 'சா' நகரும். மேஜர் சுருதியில் உள்ள சொனாட்டாவின் முதல் பகுதியில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ச-வில் தொடங்கிய இசை கொஞ்ச நேரத்தில் ப-வையே புதிய ச-வாக ஆக்கிக்கொண்டு அங்கே குடியேறும். அதுவரை உள்ளதைத் திரும்ப வாசிப்பார்கள். பிறகு ஊர் ஊராக அலையும். கடைசியில் தொடங்கிய மெட்டோடு பழைய ச-வுக்கு வீடு திரும்பும். அலைச்சலை நடத்துவதும் திரும்பும் வழியைக் காட்டுவதும் பெரும்பாலும் அடி ஸ்வரம்தான், அதாவது இடது கை. கே 545ல் மொசார்ட் ஒரு குறும்பு செய்திருக்கிறார். திரும்பி வரும்போது மெட்டு ச-வில் வராமல் ம-வில் வரும். கொஞ்ச தூரம் போனபிறகுதான் சரியான வீட்டுக்கு வந்து சேரும்.

ஹைடனின் ஈ ஃபிளாட் சொனாட்டா, ஹாப் 16:52, நிரலில் இருந்தால் அதிர்ஷ்டம். 1794ல் லண்டனில் தெரேசா யான்சன் என்ற பெண் கலைஞருக்காக எழுதியது. முதல் பகுதி முடிந்து மெதுவான இரண்டாம் பகுதி தொடங்கும்போது யாரோ சுருதிப் பெட்டியை அரைக் கட்டை ஏற்றிவிட்டதுபோல் இருக்கும். உண்மையிலேயே ஈ ஃபிளாட்டிலிருந்து ஈ-க்குத் தாவுகிறார். இதைக் கேட்கப் பயிற்சி தேவையில்லை, சுருதி பிடித்துப் பாடிய காது இருந்தால் போதும். அந்த வகையில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது.

இன்னொன்று. மொசார்ட் வாசித்த பியானோவுக்கு ஐந்து ஆக்டேவ்தான் (நம் கணக்கில் ஐந்து ஸ்தாயி), அடி ஸ்வரங்கள் மெல்லியதாகவும் துல்லியமாகவும் இருக்கும். இன்றைய மேடையில் இருப்பது 88 கட்டைகளோடு ஒன்பதடி நீளத்தில் ஒரு யானை. ச ப க ப-வை அதில் அசட்டையாக வாசித்தால் மேல் மெட்டு மூழ்கிவிடும். இடது கையை அடக்கி வைத்துக்கொண்டே உயிரோடும் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். எனக்கு ஒரு கலைஞரின் தரத்தை நிதானிக்க வேகமான ஓட்டங்களைவிட இதுதான் உதவுகிறது.

கவனம் சிதறும், சிதறினால் பரவாயில்லை. வாடகை, விசா, அம்மாவுக்குப் போன் பண்ணவேண்டும் எல்லாம் வந்து போகும். திரும்பி வரும்போது மெட்டைத் தேடாமல் அடி ஸ்வரத்தைத் தேடுங்கள், சீக்கிரம் ஒட்டிக்கொள்ளலாம்.

முடிந்து கைதட்டல் ஓயாவிட்டால் கலைஞர் இரண்டு மூன்று முறை வந்து வணங்கிவிட்டு, மறுபடி உட்கார்ந்து ஒரு சின்னத் துண்டு வாசிப்பார். அதற்குமுன் எழுந்து கோட்டை மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்தத் துண்டின் பெயர் நிரலில் இருக்காது. சிலர் வாயால் சொல்வார்கள், அதுவும் பியானோவைப் பார்த்தபடி முணுமுணுப்பார்கள். வாசலில் நிற்கும் பணியாளரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், கோட் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் பெரியவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். எண்ணோடு சொல்வார்.